துத்தநாகம் நன்றாக இருந்த நோயாளி

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரே பயம்தான் இருக்கும். எப்போது தப்பு வருமோ என்ற பயம். எனக்கும் அது இருந்தது, ஓய்வு பெறுகிற நாள் வரை போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு முடிவு ரொம்ப அழகாக, எல்லாரும் ஆசைப்பட்ட மாதிரியே வந்து நின்றால் நான் அதை முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்துவிடுவேன். இது எப்படி என்னிடம் வந்து ஒட்டியது என்பதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்தேன். எங்களுடையது சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். இரண்டு மொழியில் வளர்கிற பிள்ளைக்கு, இங்கே சொன்னதும் அங்கே சொன்னதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். வேலையில் எனக்கு உதவியதும், என்னைப் பலருக்குப் பிடிக்காமல் போகச் செய்ததும் அந்தப் பழக்கம்தான்.

வைகை வற்றி, குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிற மாதங்களில் எங்கள் ஆஸ்பத்திரி மஞ்சள் கண்களால் நிரம்பும். வைரஸ் காமாலை. அதற்கென்று மருந்து கிடையாது. படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, காத்திருக்க வேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் பசியெடுத்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலருக்கு மட்டும் ஈரல் சட்டென்று கைவிடும். பேச்சு குழறும், அறிவு தடுமாறும், தூக்கம் மயக்கமாக மாறும். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

யார் அந்தச் சிலர் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் பெரிய டாக்டரின் கவலை. அவர் மருத்துவப் பிரிவின் தலைவர். நோயாளியின் வயிற்றில் கை வைத்தாலே பாதி நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தக் கவலைக்குக் காரணமும் இருந்தது. வார்டின் கோடியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு அறை உண்டு. கட்டில்கள் சொற்பம். அங்கே எந்நேரமும் ஒரு நர்ஸ் இருப்பார், ஆக்சிஜன் இருக்கும், டாக்டர் அடிக்கடி வந்து பார்ப்பார். வெளியே பொது வார்டில், அந்த நீண்ட கூடம் முழுவதற்கும் ஒரே நர்ஸ். மோசமாகப் போகிறவரை மோசமாவதற்கு முன்பே கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டால் பிழைக்க வைக்கலாம் என்பது அவர் நம்பிக்கை.

அந்த நாட்களில் துத்தநாகத்தைப் பற்றி மருத்துவர்கள் புதிதாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். உடம்பு நோயை எதிர்க்க அது வேண்டும், ஈரல் கெட்டால் ரத்தத்தில் அது குறையும் என்றார்கள். பெரிய டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். காமாலையோடு வருகிறவர்களின் ரத்தத்தில் துத்தநாகத்தை அளப்பது, யார் பிழைக்கிறார்கள் யார் இறக்கிறார்கள் என்று பார்ப்பது. உலோகத்தை அளக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. சமயநல்லூர் தாண்டி ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தைப் பிரித்து, பெட்டியில் வைத்து, பஸ்ஸில் அங்கே கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் அதைத் தீச்சுடரில் தெளித்து அளந்து சொல்வார்கள். வார்டிலிருந்து ரத்தம் அனுப்பும் பொறுப்பு சுந்தரம் என்ற இளம் டாக்டருக்கு. சீரத்தைப் பிரித்து அனுப்புவதும் முடிவை வாங்கித் தருவதும் என் பொறுப்பு.

முடிவுகள் வர வரப் பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது. இறந்தவர்களுக்கெல்லாம் துத்தநாகம் குறைவு. பிழைத்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் நிறைய. நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் உயிர் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. குறைவாக இருந்தும் பிழைத்தவர்கள் சிலர் உண்டு. கேட்டால், "அவங்க கண்ணாடி அறையில இருந்தவங்கம்மா. நம்ம கவனிப்புல பொழச்சிட்டாங்க" என்பார். டாக்டர்கள் கூடும் ஒரு பெரிய கூட்டத்தில் பேசவும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குள்ளேயே வார்டில் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கவும் ஆரம்பித்தார்கள். குறைவா, கண்ணாடி அறை. நிறையவா, கூடம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அப்போது பதில் சொல்லத் தெரியாது. மனிதர்களின் ரத்தம் அப்படி ஒழுங்காக இரண்டு வரிசையில் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. சர்க்கரையை அளந்தாலும் யூரியாவை அளந்தாலும், நோயாளிக்கும் நோய் இல்லாதவனுக்கும் நடுவில் ஒரு கலங்கிய இடம் இருக்கும். சாப்பிட்டு வந்தவன், பட்டினி கிடந்தவன், சாராயம் குடித்தவன் என்று எல்லாரும் அங்கே மாறி மாறி விழுவார்கள். இந்தத் துத்தநாகத்தில் மட்டும் அந்தக் கலங்கல் இல்லை. யாரோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

முதலில் இயந்திரத்தில் அளப்பவர்மேல் சந்தேகப்பட்டேன். ஒரே நோயாளியின் சீரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெயர் போட்டு அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே விடை வந்தது. வேறொருவருடையதிலும் அப்படியே செய்து பார்த்தேன். அதுவும் ஒத்துப்போனது. அவர் யோக்கியர்.

அப்புறம் என் கண் சுந்தரத்தின் பக்கம் திரும்பியது. யார் சாகப் போகிறார்கள் என்று ஓரளவு முன்பே தெரிந்தவர் அவர். ரத்தம் எடுப்பவரும் அவர், யாருடையதை எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பவரும் அவர். பெரிய டாக்டருக்குச் செல்லப்பிள்ளை, வெளிநாடு போகும் ஆசை உள்ளவர். சந்தேகம் வந்துவிட்டால் எதைப் பார்த்தாலும் அதற்குத் தோதாகவே தெரியும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் எதையோ மறைக்கச் சிரிப்பதாகப் பட்டது. சிரிக்காமல் போனால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அதற்கு நெய் ஊற்றுகிற மாதிரி ஒரு விஷயமும் நடந்தது. நகரத்தில் பேர்பெற்ற ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மகன் காமாலையோடு வந்து சேர்ந்தான். கல்லூரியில் படிக்கிறவன். முதலாளிக்குத் தெரிந்தவர்கள் அதிகம். பையனை நேராகக் கண்ணாடி அறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்குத் துத்தநாகம் குறைவு என்று வந்தது. நான் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நர்சிடம் சாத்துக்குடிச் சாறு இனிப்பாக இல்லை என்று குறை சொன்னான். இவனா சாகப் போகிறவன்? அந்தக் கட்டிலில் அவனை வைத்திருக்க வேண்டி எண்ணை யாரோ குறைத்திருக்கிறார்கள் என்றே என் மனசு சொன்னது.

இந்த நேரத்தில்தான் விருமாயி வந்தாள்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊர். கிணற்றுப் பாசனத்தில் மல்லிகை போட்ட குடும்பம். முப்பது வயதைத் தொடாத பெண். கண்ணும் நகமும் மஞ்சளாக வந்தாள். கூடத்தில் கட்டில் கிடைத்தது. அவளுக்குத் துத்தநாகம் நிறைய இருந்தது, அதுவரை வந்தவற்றில் சிறந்த எண்களில் ஒன்று. சுந்தரம் அவள் கணவனிடம், "ரத்தம் ரொம்ப நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் கணவன், சின்னன் என்று பெயர், ஒரு நாள் காலையில் ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நாங்கள் ரத்தக் குப்பிகளை வாங்குகிற ஜன்னல் அது. நோயாளிகளின் உறவுக்காரர்கள் அங்கே வருவது வழக்கமில்லை.

"ரத்தம் பாக்குறது நீங்கதானாம்மா?"

"ஆமாண்ணே. என்ன வேணும்?"

"விருமாயி வீட்டுக்காரன். ரத்தம் நல்லா இருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாக. ஆனா அவ நல்லா இல்லம்மா. அதான், வேற யாரு ரத்தத்தையும் மாத்திப் பாத்துட்டீகளோன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

இப்படி நேருக்கு நேராக யாராவது கேட்டால் எங்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு அன்று வரவில்லை. என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை வேறொருவர் வாய்விட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது.

"என்ன செய்யுது அவங்களுக்கு?"

"பகலெல்லாம் தூங்குறா. ராத்திரி கொட்டக்கொட்ட முழிச்சிருக்கா. வாந்தி இல்ல, காச்சல் இல்ல." கொஞ்சம் தயங்கினார். "நேத்துலருந்து என்னைய வாங்க, போங்கன்னு மரியாதையாக் கூப்பிடுறாம்மா."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"எங்க அத்தை மக. சின்னதுலருந்து வாய்யா போய்யான்னுதான் பேசுவா. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல ஒரு நா என்னைய வாங்கன்னதில்ல. நேத்து நான் கஞ்சி கொண்டு போனா, 'வாங்க, எந்த ஊரு, உக்காருங்க'ங்குறா. பக்கத்துக் கட்டில்காரவுக சிரிக்கிறாக. எனக்குச் சிரிப்பு வரல."

நான் கையிலிருந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனேன். போனது விருமாயிக்காக மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுந்தரத்தை எதிலாவது பிடிக்க முடியுமா என்று பார்க்கவும்தான் போனேன்.

விருமாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பனை ஓலைப் பெட்டியில் மொட்டு மல்லிகை. அவள் கேட்டாள் என்று சின்னன் கொண்டு வந்து கொடுத்திருந்தார். கையில் வாழைநார். பூக்காட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் பூக் கட்ட விரலைப் பார்க்கவே வேண்டியதில்லை. இவள் இரண்டு பூவை நாரில் வைத்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாரைச் சுற்ற வந்த கை நடுவழியில் தொய்ந்து விழுந்தது. பூ கீழே உதிர்ந்தது. அதை எடுக்கவும் இல்லை. என்னைப் பார்த்து, "வாங்க" என்றாள் மிகுந்த மரியாதையாக.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எத்தனையோ காமாலை நோயாளிகளின் கதையை நர்சுகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈரலின் விஷம் தலைக்கு ஏறுகிறபோது முதலில் வருவது இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கோணல்கள்தான்.

சுந்தரம் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையையே பார்த்தேன். ஊசியிலிருந்து ரத்தத்தை ஒரு பென்சிலின் குப்பியில் ஊற்றினார். அந்தக் காலத்தில் காலியான மருந்துக் குப்பிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, ரத்தம் பிடிக்க வைத்துக்கொள்வது எல்லா ஆஸ்பத்திரியிலும் வழக்கம். அதன் ரப்பர் மூடியை அழுத்தி மூடி, தட்டில் படுக்கப் போட்டார்.

"டாக்டர், ஒரு நிமிசம். துத்தநாகத்துக்கு எடுக்கிற ரத்தத்தையும் இதுலதான் பிடிக்கிறீங்களா?"

"ஆமாக்கா. வார்டுல இதானே இருக்கு."

"ஆனா எனக்குப் பாதி ரத்தம் கண்ணாடிக் குழாய்ல வருதே. மேல பிளாஸ்டிக் தாள் கட்டி."

"அது கண்ணாடி அறைலருந்து வர்றது. நீங்க ஆசிட்ல கழுவிக் குடுக்கிற குழாய் கொஞ்சம்தானே. அத உள்ள வச்சிருக்கோம். சீரியஸ் கேசுக்குன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏங்க்கா?"

நான் அந்தக் குப்பியின் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரைத்த சந்தனம் மாதிரி நிறமுள்ள ரப்பர். என் அண்ணன் பழைய டயருக்குப் புதுத் தோல் போடும் பட்டறையில் வேலை பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முழங்கை வரை வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். அம்மா அவனைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லித் திட்டுவார். ரப்பரை வேக வைத்து இறுக்குவதற்குச் சேர்க்கிற பொடி அது. துத்தநாகத்தின் ஆக்சைடு. நான் கல்லூரியில் படித்ததும் அதுதான். இரண்டும் என் தலையில் தனித்தனியாக இருந்தன. அந்தக் கட்டில் பக்கத்தில்தான் ஒன்று சேர்ந்தன.

கூடத்தில் இருப்பவர்களின் ரத்தம் ரப்பரில் பட்டுக்கொண்டே கிடக்கிறது. கண்ணாடி அறையில் இருப்பவர்களின் ரத்தம் படுவதில்லை. மோசமானவர்கள் கண்ணாடி அறையில். இறப்பவர்களும் அங்கேதான். யாரும் பொய் எழுதவில்லை. எண்கள் நோயைச் சொல்லவில்லை, எந்தக் கட்டிலில் படுத்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

"நான் ஏதோ தில்லுமுல்லு பண்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்களாக்கா?" என்றார் சுந்தரம் மெதுவாக. கெட்டிக்காரர், என் முகத்தைப் படித்துவிட்டார்.

"நெனச்சேன். இப்ப இல்ல. விருமாயியை வந்து பாருங்க."

அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. வந்து பார்த்தார். முகம் மாறியது. "கட்டில் இல்லக்கா உள்ள. மாத்தணும்னா ஜவுளிக்கடைப் பையனைத்தான் வெளிய எடுக்கணும். அவனுக்குத் துத்தநாகம் கம்மி. பெரியவர் ஒத்துக்க மாட்டார்."

பெரிய டாக்டர் அப்போது கண்ணாடி அறையின் வாசலில் நின்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னிடம் ஒரு சான்றும் இல்லை. ரப்பரில் துத்தநாகம் இருக்கும் என்று தெரியும். அது ரத்தத்தில் இறங்குகிறதா, எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாது. சோதித்துப் பார்க்கச் சமயநல்லூருக்கு அனுப்பி விடை வர நாளாகும். அதுவரை விருமாயி தாங்குவாளா என்றும் தெரியாது. சும்மா இருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் கொடுத்த எண்ணை நம்பி அவர்கள் முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். பேசினால் அவருடைய பல மாத உழைப்பின்மேல் மண்ணை அள்ளிப் போடுகிறேன்.

"சார், தனியா ஒரு வார்த்தை."

நகர்ந்து வந்தார். சொன்னேன். குப்பி, மூடி, குழாய், எந்த ரத்தம் எதில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப இது சந்தேகம்."

"ஆமா சார்."

"கூட்டத்துக்கு நான் போறது ஊருக்கே தெரியும். இப்ப வந்து சந்தேகம்ங்கிறீங்க. யாரும்மா உங்கள அனுப்புனது?"

வேறு பிரிவில் அவருக்கு ஆகாதவர்கள் உண்டு. அவர்கள் என்னைத் தூண்டிவிட்டதாக நினைத்தார். நான் சுந்தரத்தை எப்படிப் பார்த்தேனோ, அப்படியே என்னை அவர் பார்த்தார். அந்தப் பார்வையின் கீழ் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரும் அனுப்பல சார். துத்தநாகம் சரியா தப்பான்னு நீங்க இப்ப முடிவு பண்ண வேணாம். அதக் கொஞ்ச நேரம் மறந்துட்டு, அந்தப் பொண்ணை மட்டும் வந்து பாருங்க. எண்ணே வரலன்னு வச்சுக்கிட்டுப் பாருங்க."

அவர் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நல்ல மருத்துவரிடம் ஒரு பலவீனம் உண்டு. நோயாளியைப் பார்க்கக் கூப்பிட்டால் மறுக்க வராது. விடுவிடென்று நடந்து விருமாயி கட்டிலுக்குப் போனார்.

"தாயி, ரெண்டு கையையும் நீட்டு. விரலை விரிச்சு, அப்படியே வச்சிரு."

நீட்டினாள். ஒரு கணம் நின்ற கைகள் மணிக்கட்டில் சரிந்தன, நிமிர்ந்தன, மறுபடி சரிந்தன. பறக்க முடியாத பறவை இறக்கையைத் தட்டுகிற மாதிரி. ஈரல் கெட்டால் மூச்சில் வருகிற வாடை இருக்கிறதா என்று அவர் குனிந்து முகர்ந்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். அவள் யோசித்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. சுந்தரத்திடம், "பையனை வெளிய மாத்து. இவங்கள உள்ள கொண்டு போ. இப்பவே" என்றார்.

முதலாளி விடவில்லை. கூடத்தின் நடுவில் நின்று குரலை உயர்த்தாமல் கேட்டார், அதுதான் பயமாக இருந்தது. "அவனுக்கு ரத்தத்துல அது கம்மி, உள்ளதான் இருக்கணும்னு சொன்னது நீங்கதானே சார்?"

"நான்தான் சொன்னேன்."

"இப்ப மட்டும் எப்படி மாறிடுச்சு?"

"நான் சொன்னது தப்பா இருக்கலாம். உங்க பையன் நல்லா சாப்பிடுறான், தெளிவாப் பேசுறான். நான் கண்ணால பாக்குறத நம்பி மாத்துறேன். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையக் கேளுங்க."

சான்று இன்னும் வரவில்லை. முழுசாக என்னை நம்பவும் இல்லை. ஆனாலும் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். 'தப்பா இருக்கலாம்' என்ற சொல்லை, செல்வாக்குள்ள ஒருவரின் முகத்துக்கு நேராக, அந்தச் சமயத்தில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

விருமாயி அன்றைக்கே மயக்கத்துக்குள் போனாள். கூடத்தில் இருந்திருந்தால் தூங்குகிறாள் என்றே விட்டிருப்பார்கள். உள்ளே இருந்ததால் என்ன செய்ய முடியுமோ அதையெல்லாம் செய்தார்கள். சின்னன் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார். உள்ளே ஏற்றுகிற மருந்து இவளுக்கு உரியதுதானா, பெயர் பார்த்தார்களா என்று. அவருக்கு எங்கள்மேல் நம்பிக்கை வரவே இல்லை. அவரிடம் நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்தேன். சுத்தமான, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சில பென்சிலின் குப்பிகளில் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, படுக்க வைத்து, குலுக்கி வைத்தேன். அதே தண்ணீரை ஆசிடில் கழுவிய கண்ணாடிக் குழாய்களிலும் ஊற்றினேன். எல்லாவற்றுக்கும் நோயாளிகள் மாதிரி பெயர் போட்டு, பஸ் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே விருமாயியிடமிருந்து சுத்தமான குழாயில் புதிதாக எடுத்த ரத்தத்தின் சீரத்தையும் கொடுத்தேன்.

தண்ணீரின் முடிவுதான் முதலில் வந்தது. கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. ரப்பர் மூடிக் குப்பித் தண்ணீரில் துத்தநாகம் தாராளமாக இருந்தது. எங்கள் கணக்குப்படி அந்தத் தண்ணீருக்கு நல்ல ஆரோக்கியம், கண்டிப்பாகப் பிழைத்துவிடும்.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பிறகு, "எல்லாருக்கும் திருப்பி எடுங்க. எல்லாருக்கும் ஒரே குழாய்ல" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்த கதையாகப் போயிருக்கும். அப்படி முடியவில்லை. விருமாயியின் சுத்தமான ரத்தத்துக்கும் விடை வந்தது. துத்தநாகம் அடிமட்டம். அதுவரை நாங்கள் பார்த்த எல்லாரையும்விடக் குறைவு. பெரிய டாக்டர் கிழித்த கோட்டின்படி அவளுக்குச் சாவு நிச்சயம். அந்த விடையை நான் கையில் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது விருமாயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியில் உப்பில்லை என்று கண்ணாடிக்குள்ளிருந்து சின்னனைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்பது வெளியே கேட்டது. சின்னன் அழுதுகொண்டிருந்தார்.

தப்பான எண் அவளைக் கூடத்திலேயே சாகவிட்டிருக்கும். சரியான எண் கிடைத்திருந்தால், இவளுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லத் தூண்டியிருக்கும். அது எனக்கு உறைக்க நாளாயிற்று. குழாயைச் சுத்தமாக்கியதும் எண் உண்மையாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையான எண்ணும் எதற்கு விடை என்று கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே குழாயில் எடுத்த பிறகு வந்த முடிவுகள் அதையேதான் காட்டின. காமாலை வந்த எல்லாருக்குமே துத்தநாகம் குறைந்துதான் இருந்தது. இறந்தவர்களுக்கும் குறைவு, சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களுக்கும் குறைவு. இறந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்ததா? இருந்த மாதிரி இருந்தது. ஆனால் நடுவில் அந்தக் கலங்கல் வந்துவிட்டது. அந்தக் கலங்கலைப் பார்த்துத்தான் எனக்கு முதல் முறையாக நிம்மதி.

ஜவுளிக்கடைப் பையனும் குணமாகி வீட்டுக்குப் போனான். அவன் அப்பா மட்டும் கடைசிவரை ஆறவில்லை. துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். தேவையில்லை என்றார் பெரிய டாக்டர். எங்களுக்குத் தெரிந்த நல்ல மருந்து ஒன்றை வேண்டுமென்றே தன்னிடமிருந்து மறைக்கிறோம் என்று நம்பிக்கொண்டே முதலாளி காரில் ஏறினார்.

கூட்டம் வந்தது. பெரிய டாக்டர் போகாமல் இருந்திருக்கலாம், உடம்பு சரியில்லை என்று தந்தி கொடுத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் போனார். சுந்தரத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் வந்த அழகான முடிவுகளைப் படமாகக் காட்டினார். அரங்கத்தில் மெச்சுகிற முணுமுணுப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "இதுல நான் அளந்தது நோயை இல்ல. மருந்துக் குப்பியோட ரப்பர் மூடியை."

தண்ணீர்ச் சோதனையைச் சொன்னார். எந்தக் கட்டிலில் எந்தக் குழாய் என்பதைச் சொன்னார். ஒரு பெண் நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், சொன்னார். என் பெயரையும் சொல்லவில்லை. அது அன்று எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பெரிய மனசு என்று பொய் சொல்ல விரும்பவில்லை.

பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். ஆறுதலாகப் பேச நினைத்தாரோ என்னவோ, "உங்களுக்கு எந்தக் கட்டத்தில் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது, டாக்டர்?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தன் சொந்தக் குரலில் பதில் சொன்னார்.

"எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."